நாலு ஏக்கரில் என்ன காடு?

அன்புள்ள ஐயா,

இந்தியாவின் பல்லுயிர் வளம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். உலகில் பல்லுயிர் மிகுந்த 17 நாடுகளில் நம்முடையதும் ஒன்று, உலக நிலப்பரப்பில் 2.4 சதவீதமே உள்ள இங்கே இதுவரை பதிவான உயிரினங்களில் 7, 8 சதவீதம் வாழ்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டில் சண்டை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஏற்காட்டில் வெள்ளக்கடைப் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா போன பிறகு தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். பலா, நாவல், ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய அத்தி என்று பழைய மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றலாம் என்கிறான். அதுவும் சரிப்படவில்லை என்றால் காட்டேஜ் கட்ட ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்கிறான். நான் வேண்டாம் என்றேன். அதற்கு அவன் சொன்னது: “காட்டைக் காப்பாத்தணும்னா மேற்குத் தொடர்ச்சி மலைல போய்க் காப்பாத்தட்டும். இது வெள்ளைக்காரன் போட்ட தோட்டம். நாலு ஏக்கர்ல என்ன காடு இருக்கு? காட்டு மாடு வந்து மிதிச்சுட்டுப் போற நஷ்டத்தை யாரு குடுப்பா?”

உங்கள் கட்டுரையில் வரும் நான்கு முக்கிய இடங்களிலும் நம்முடைய கிழக்குத் தொடர்ச்சி மலை இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

செ.,
அஸ்தம்பட்டி, சேலம்

*

அன்புள்ள செ.,

தம்பி மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு மலையைப் பார்த்து, “இதில் மிச்சம் என்ன இருக்கிறது, கெட்டது கெட்டுவிட்டது, நல்லா இருக்கிற காட்டைப் போய்ப் பார்ப்போம்” என்று நினைக்கிறவர்கள் திட்டம் போடும் இடங்களிலும் நிறையப் பேர். அவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இமயமலை, இந்தோ-பர்மா, மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும், நிக்கோபாரை உள்ளடக்கிய சுந்தாலாந்து என்று நான்கு ‘ஹாட்ஸ்பாட்’களைச் சொல்லியிருந்தேன், அதாவது உயிர்வளம் மிகுந்தும் அழிவை எதிர்கொண்டும் இருக்கும் இடங்களை. அந்தப் பட்டியல் எதற்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. 1988-இல் நார்மன் மையர்ஸ் என்ற ஆய்வாளர் தொடங்கி வைத்த கணக்கு அது. உலகத்தில் கிடைக்கிற கொஞ்சப் பணத்தை முதலில் எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு அளவுகோல் வைத்தார்கள். வேறெங்கும் இல்லாத தாவர வகைகள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும், இயற்கையான தாவரப் போர்வையில் 70 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத இடத்தில் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காலப்போக்கில் நாம் அப்படித்தான் படிக்கப் பழகிவிட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2011-இல் அதன் பாதுகாப்பு பற்றிய மாதவ் காட்கில் குழு அறிக்கை, 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம், அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு என்று பேச்சாவது தொடர்ந்து நடந்தது. ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலைக்கு அந்தப் பேச்சுகூட இல்லை.

அடுத்தது, “வெள்ளைக்காரன் போட்ட தோட்டம்” என்பது. உண்மைதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷம் ஆகிறது. அதற்காகச் சோலைகள் வெட்டுப்பட்டன. ஆனால் இந்த ஊர் வெயிலில் அரபிகா காப்பிக்கு நிழல் வேண்டும். அதனால் மேலே இருந்த பெரிய மரங்களில் கொஞ்சத்தை விட்டுவைத்தார்கள். அப்படி விடப்பட்ட நிழல் மரங்களின் தொடர்ச்சிதான் உங்கள் அப்பா வைத்துவிட்டுப் போனது. காடு போன பிறகும் காட்டின் கூரை அங்கங்கே மிச்சம் இருக்கிறது. சேர்வராயன் மலையின் கதையே அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் நாகலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் காப்பிச் செடிகளின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்த மலையாளிப் பெரியவர் ஒருவர் (கேரளத்தவர் இல்லை, இந்த மலையின் பழங்குடி) என்னைக் கூப்பிட்டு ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். நிழலில், பாசி படிந்த பாறையில், விரல் நீளத்துக்கு ஒரு பல்லி. வீட்டுப் பல்லிக்குக் கண்மணி செங்குத்தான கீறல் மாதிரி இருக்கும். இதற்கு வட்டமாக, நம் கண் மாதிரி இருந்தது. பாறையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகக் கலந்துபோய், அது நகர்ந்தால்தான் தெரிந்தது. “இது பகல்ல திரியறதுங்க. வெயில் விழுந்த பாறைல இருக்காது” என்றார் அவர்.

அவர் சொன்னதன் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நெமாஸ்பிஸ் என்ற பகல் பல்லி இனத்தைச் சேர்ந்தது அது. அந்த இனத்தில் ஏற்காட்டின் பெயரையே வைத்து ஒரு வகையை 2000-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். 2019-இல் இதே சேர்வராயன் மலையிலிருந்து அதே இனத்தில் இன்னும் இரண்டு புது வகைகளை விவரித்தார்கள். இருநூறு வருஷமாகக் காப்பி போட்ட மலை, வாரக் கடைசியில் காரும் பஸ்ஸும் மோதிக்கொள்ளும் மலை. அங்கே 2019 வரை இரண்டு உயிர்கள் பெயர் இல்லாமல் இருந்திருக்கின்றன! தோட்டக்காரர்களின் பாறை மேல் ஓடிக்கொண்டு, மலையாளிகளுக்கு மட்டும் தெரிந்துகொண்டு. தாவரத்திலும் அப்படித்தான். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் தன் பெயரிலேயே இந்த மலையை வைத்திருக்கிறது.

ஏன் இங்கே மட்டும் என்று கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் ஒரே சுவர். கிழக்குத் தொடர்ச்சி மலை அப்படி இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது என்று துண்டு துண்டாக நிற்கிறது. நடுவில் வெயில் காயும் சமவெளி. மேலே ஈரத்திலும் குளிரிலும் வாழப் பழகிய சின்ன உயிருக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரி. தாண்ட முடியாது. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. தீவில் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. ஆகவே தம்பி சொல்லும் “அங்க போய்க் காப்பாத்தட்டும்” என்பது இந்தப் பல்லிக்கு உதவாது. அதற்கு அங்கே என்று ஒன்று இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் “ஊற்று” என்று ஒரு வார்த்தை வந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. இந்த மலையின் உச்சிப் பரப்புகளில் பாக்சைட் படிவு இருக்கிறது. துளைகள் நிறைந்த கல். மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அந்தக் கல்லைத்தான் பல ஆண்டுகள் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சை எடுத்துவிட்டால் மழை பெய்த அன்றைக்கே ஓடிவிடும், மாசியில் ஊற்று இருக்காது. அத்தி மரம் நிற்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்பது நம் ஊர்க் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் அத்தி அங்கே சும்மா நிற்கவில்லை.

இதே மலைதான் திருமணிமுத்தாறையும் சரபங்காவையும் அனுப்புகிறது. முத்து கிடைத்த ஆறு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். நீங்கள் அஸ்தம்பட்டிக்காரர், உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒருமுறை சேலம் நகருக்குள் திருமணிமுத்தாறு ஓடும் அணைமேட்டுப் பக்கம் நின்றுவிட்டு, அடுத்த நாளே மலையில் அது தொடங்கும் ஓடைகளில் ஒன்றில் கால் வைத்தேன். இரண்டும் ஒரே தண்ணீர் என்று மனது ஒப்புக்கொள்ளவே இல்லை. சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த பிறகு காவிரி வரைக்கும் போகிற ஆறு அது. மேலே ஊற்று வற்றினால் கீழே ஆற்றில் ஓடுவது கழிவு மட்டும்தான்.

சரி, தம்பியின் நஷ்டக் கணக்கு. இதைத் தாண்டிப் போய்விட்டு மரத்தைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். சில்வர் ஓக் மேல் எனக்கு விரோதம் இல்லை. சீக்கிரம் வளரும், நேராக வளரும், வெட்டினால் காசு, மிளகுக் கொடியும் ஏறும். பூக்கும் காலத்தில் தேன்சிட்டுகளும் வரும். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், பறவைக்குப் பழம் தராது. தோட்டம் முழுக்க அது மட்டும் நின்றால் மேலே பச்சையாகத் தெரியும், உள்ளே சாப்பிட ஒன்றும் இருக்காது. அத்தியைப் பாருங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதன் பூவைக் கருவுறச் செய்ய அதற்கென்றே ஒரு சின்னக் குளவி உண்டு, அது வேறு மரத்துக்குப் போகாது. மற்ற மரங்களில் ஒன்றும் இல்லாத மாதத்திலும் அத்தியில் பழம் இருக்கும். குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அந்த மாதங்களை அதை நம்பித்தான் ஓட்டுகின்றன. அவை போட்ட எச்சத்தில்தான் உங்கள் நாவலும் முளைத்திருக்கும்.

காப்பிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அரபிகாவைத் தின்று தீர்க்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி வெயில் படும் செடியைத்தான் தேடி வரும். நிழல் மரத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, சில்வர் ஓக் வளர்ந்து நிழல் தரும் வரை சில வருஷம் செடியை வெயிலில் விட்டால் அது அந்தப் பூச்சிக்கு வைக்கிற விருந்து. இதைத் தம்பி தன் தோட்டத்தில் வேலை செய்கிற வயதானவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். என்னை நம்ப வேண்டாம். மிளகு ஏற்ற நாட்டு மரமே போதும். சொரசொரப்பான பட்டையில் கொடி நன்றாகப் பிடிக்கும். இடைவெளியில் கல்யாண முருங்கை வைக்கலாம், வேலியோரம் சில்வர் ஓக்கும் வைக்கட்டும்.

காட்டு மாட்டுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அடிவாரக் காட்டில் கோடைக்குக் கோடை தீ. தீ போன இடத்தில் உண்ணிச்செடி மண்டுகிறது. அதை மாடு தின்னாது, அது புல்லையும் வளரவிடாது. தோட்டத்தில் தண்ணீரும் தழையும் இருக்கிறது, மாடு மேலே ஏறி வருகிறது. அதன் நஷ்டத்தைச் சின்னத் தோட்டக்காரர் மட்டும் சுமப்பது தவறு என்பதில் நான் தம்பி பக்கம். சேதத்துக்கான இழப்பீடு அலையாமல், குறைக்காமல் கைக்கு வர வேண்டும். வராதவரை “காட்டு மாட்டோடு சேர்ந்து வாழுங்கள்” என்று சேலத்தில் ஃபேன் அடியில் உட்கார்ந்து அவருக்கு உபதேசம் செய்யும் உரிமை எனக்குக் கிடையாது.

காட்டேஜ் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரு போர்வெல், ஒரு கழிவுநீர்த் தொட்டி, சனி ஞாயிறு குப்பை. குப்பனூர் சாலையில் ஒரு நாட்டுக் குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. குட்டியும் ஒரு துண்டு பிளாஸ்டிக்கைக் கையில் வைத்திருந்தது.

நாட்டின் பிரச்சினை உங்கள் 4 ஏக்கருக்குள் எப்படி வருகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. இந்தியாவில் சரணாலயம், தேசியப் பூங்கா என்று சட்டப்படி காக்கப்படுவது நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம். மிச்ச உயிர்கள் பட்டா நிலத்தில், ஏரியில், கோயில் காட்டில், தோட்டத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வனத்துறைக் காவலர் கிடையாது. உங்கள் தம்பிதான் காவலர், சம்பளம் இல்லாத காவலர். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டு எழுதப்பட்டது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, அந்த ஊர் உயிர்களை எழுதிவைக்க மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று அதில் இருக்கிறது. பல ஊர்களில் அந்தப் பதிவேடு பெயருக்கு நிரப்பின காகிதமாகக் கிடக்கிறது என்பது என் வருத்தம். ஆனால் காகிதத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். மதுரை அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர். 2024-இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். கூடவே அந்த அறிவிப்பும் அவர்கள் கையில் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டியும் எந்த ஹாட்ஸ்பாட் பட்டியலிலும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் மரத்தில் கோடாரி வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், ஒரே ஒரு வருஷம். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஊற்றும் அத்தியும் அதில் ஏற வேண்டும். மரங்களை நம்பர் போட்டு எண்ணுங்கள், எதில் எந்த மாதம் பழம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிற மலையாளிக் குடும்பங்கள் சொல்லும் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நம் புத்தகங்களில் இல்லை.

காப்பிப் பழம் பறிப்பு முடிவதற்குள், தை மாதத்தில் ஒருநாள் நான் வருகிறேன். உங்களோடு பேசுவதைவிடத் தம்பியோடு பேசத்தான் எனக்கு ஆசை. அவர் கணக்கு நோட்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், காப்பி விலை, கூலி, காட்டு மாட்டுச் சேதம் எல்லாம் உட்கார்ந்து பார்ப்போம். பாறை இருக்கிற பக்கமாக ஒரு நடையும் போக வேண்டும், காலை பத்து மணிக்கு மேல் போனால் போதும், அந்தப் பல்லி பகலில்தான் வரும்.

அன்புடன்.