புடம் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, பாடுகளை, அதாவது துன்பங்களைப் பற்றியே இருந்தன. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே நிறைய இடம் போய்விட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். மைக்ரோ பைனான்ஸில் இரண்டு கடன், வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஆலயத்துக்குப் போனால், "கர்த்தர் உன்னைப் பொன்னாகப் புடமிடுகிறார், கலங்காதே" என்கிறார்கள். எனக்கு ஆறுதல் வரவில்லை ஐயா, கோபம்தான் வருகிறது. கோபப்படுவது பாவமா? பாடுகள் விசுவாசத்தை வளர்க்கும் என்பது உண்மைதானா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, குடியாத்தம்

பதில்: பாவம் இல்லை அம்மா. யோபு கோபப்பட்டார், எரேமியா கோபப்பட்டார், சங்கீதங்களில் பல அழுகையும் முறையீடும்தான், அவற்றை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. உங்கள் கோபத்தைக் கர்த்தரிடமே சொல்லுங்கள், அவர் தாங்குவார்.

பொன்னை நெருப்பில் உருக்கிச் சுத்தமாக்கும் அந்தப் புடம் என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சின்ன வயதில் என் அம்மாவின் உடைந்த தோட்டை உருக்க, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பத்தரிடம் போயிருந்தோம். மண் மூசையில், அதாவது உருக்குகிற சின்னக் கிண்ணத்தில், தோட்டைப் போட்டு, கரியை மூட்டி, ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு சிட்டிகை வெண்காரம் போட்டார். நான் பக்கத்தில் நின்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, மூசையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அம்மா காசு எடுத்து நீட்டியபோதுகூட கையை மட்டும் அசைத்து, அப்புறம் என்று சைகை காட்டினார். சூடு கொஞ்சம் தப்பினால் பொருள் போய்விடும் என்று பிறகு சொன்னார்.

மல்கியா 3-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளியைப் புடமிடுகிறவர் உட்கார்ந்து புடமிடுகிறார் என்றுதான் இருக்கிறது. உட்கார்ந்து! உங்களிடம் புடத்தைப் பற்றிச் சொன்னவர்கள் உட்கார்ந்தார்களா அம்மா? ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள் என்றால், அவர்கள் சொன்ன வசனம் சரி, சொன்ன விதம் தவறு. யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான், வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொன் அக்கினியில் சோதிக்கப்படுவதைப் போல் விசுவாசம் சோதிக்கப்படும் என்று பேதுரு எழுதியது தனி ஒருவருக்கு அல்ல. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று சிதறிக் கிடந்த சபைகளுக்கு, எல்லாரையும் சேர்த்து, "உங்கள் விசுவாசம்" என்று எழுதினார். அப்படியானால் உங்கள் வீட்டு வாசலில் தவணைக்காரர் உட்கார்ந்திருக்கும்போது சோதிக்கப்படுவது நீங்கள் மட்டும் அல்ல, உங்கள் சபை முழுவதும்தான். உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியாமல் ஒரு சபை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால், அந்தச் சோதனையில் தோற்பது நீங்கள் இல்லை அம்மா. இதை நான் நிச்சயமாக நம்புகிறேன்.

பாடுகள் வளர்க்குமா என்று கேட்டீர்கள். தானாக வளர்க்காது. தனியாக விடப்பட்டவர்களைப் பாடு உடைத்துப்போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யாராவது கூட உட்காரும்போதுதான் அதே பாடு வேறு ஏதோவாக மாறுகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் அவரை விட்டுவிடாமல், உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்தார் அந்த அம்மையார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்ததற்கு அவர்தான் காரணம். அந்த விபத்து நல்லது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். விபத்துக்குப் பிறகு பக்கத்தில் ஆள் இருந்தது நல்லது.

இப்போது காரியத்துக்கு வருவோம். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், பெண்கள் ஐக்கியத்திலிருந்து எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் சபைப் போதகரான குருசேகரத்து ஐயரிடம் கடன் விவரத்தை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள், எவ்வளவு, யாருக்கு, எந்தக் கிழமை என்று. கூச்சப்பட வேண்டாம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னது பவுல், நீங்கள் பாரம் எது என்று காட்டினால்தான் அவர்களால் சுமக்க முடியும்.

கேள்வி: உபத்திரவம் வந்தால் சபை வளரும் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி சொல்கிறார்கள். சரித்திரத்தில் அது எப்போதும் உண்மையா?
– கல்லூரி மாணவர், இராணிப்பேட்டை

பதில்: எப்போதும் இல்லை, தம்பி. ஆதிகாலச் சபையின் பெரிய போதகர் அகஸ்டின் ஆயராக இருந்த ஹிப்போ இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் அத்தனை பலமாக இருந்த சபை சில நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. ஜப்பானைப் பாருங்கள், 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள், 1614-ல் மொத்தமாகத் தடை வந்தது. குருமார் இல்லை, ஆலயம் இல்லை. ஆனாலும் 1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்குச் சில கிராமத்து ஜனங்கள் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று அங்கிருந்த பாதிரியாரிடம் சொன்னார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்து, தங்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கையில் வளரவில்லை, ஆனால் கைவிடவும் இல்லை. வளர்ச்சி என்று ஆள் கணக்கை மட்டும் சொன்னால் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் எருசலேமிலிருந்து அடித்துச் சிதறடிக்கப்பட்டவர்கள் அந்தியோகியாவரை போனார்கள், 11-ல் அங்கே சபை உண்டானது, இது எல்லாரும் சொல்வது. அதே 11-ம் அதிகாரத்தின் கடைசியைக் கூட்டத்தில் வாசிக்கிறீர்களா? உலகமெங்கும் பஞ்சம் வரப்போகிறது என்று கேட்டதும், அந்தியோகியாக்காரர் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்புகிறார்கள். ஓடிவந்தவர்களால் உண்டான சபை, அவர்கள் விட்டுவந்த ஊருக்குச் சோறு அனுப்புகிறது. எனக்கு இதுதான் பெரிய வளர்ச்சியாகத் தெரிகிறது.

கேள்வி: எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் பஞ்சத்தில் சோற்றுக்காகத்தான் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தோம் என்று அலுவலகத்தில் ஒருவர் ஏளனமாகச் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.
– வாசகர், காட்பாடி

பதில்: இந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். 1876 முதல் 1878 வரையான தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டைச் சாதாரணமாகவா பிடித்தது? மழை பொய்த்தது, தானியம் மட்டும் துறைமுகம் வழியாக ஏற்றுமதி ஆகிக்கொண்டே இருந்தது. 1877-ல் நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்தான் என்று சர்க்கார் குறைத்தது. ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அப்போது இங்கே இருந்தது. கஞ்சி ஊற்றியவர்களோடு ஜனங்கள் போனார்கள். பசித்தவன் கஞ்சி ஊற்றினவரை நம்பினதில் என்ன வெட்கம்? அதுவரை குடிக்கத் தண்ணீருக்குக்கூட தூரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சேரி ஜனங்கள் அவர்கள்.

மழை பெய்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. போகாமல் இருந்தவர்களின் கதையைத்தான் உங்கள் நண்பர் கேட்கவேண்டும். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணை, தாழ்த்தப்பட்டோர் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறார்கள். ஞானஸ்நானப் பெயரை மாற்றிச் சாதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்கும் என்று தெரிந்தும், வேண்டாம் என்று இருந்துவிட்ட குடும்பங்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. பிழைப்புக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன், அந்த நெருக்கடியை உண்டாக்கியது அவர்கள் இல்லை. சோற்றுக்காக வந்தவர்கள் என்றால், சோறு வேறு பக்கம் இருக்கும்போது ஏன் இத்தனை தலைமுறை இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்? இதை உங்கள் நண்பரிடம் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்.

கேள்வி: ஓலைக் கொட்டகையில் ஆராதித்தபோது ஒற்றுமையாக இருந்தோம். கான்கிரீட் ஆலயம் கட்டியபிறகு சபை இரண்டாகிவிட்டது. பழைய கஷ்டமே திரும்ப வரட்டும் என்று ஜெபிக்கலாமா?
– சபை மூப்பர், ஆம்பூர் அருகில்

பதில்: வேண்டாம் ஐயா. கஷ்டம் வந்தால் அது முதலில் கூலிக்காரன் வீட்டுக்குத்தான் போகும், கணக்கு வழக்கில் சண்டை போடுகிறவர் வீட்டுக்குப் போகாது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழையான சிமிர்னா சபையைப் பார்த்து இயேசு நீ ஐசுவரியவான் என்கிறார், ஒரு குறையும் இல்லை என்ற லவோதிக்கேயாவிடம் புடமிட்ட பொன்னை வாங்கிக்கொள் என்கிறார். கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைச் சபை முன்னால் திறந்து வையுங்கள், முதல் வேலை அதுதான்.

கேள்வி: பிடி அரிசிக் காணிக்கை இன்னும் தேவையா? இப்போதுதான் ஜிபே இருக்கிறதே. எங்கள் வீட்டில் சமைப்பதே ரேஷன் அரிசி.
– இல்லத்தரசி, திருவலம்

பதில்: தேவை அம்மா. என் பாட்டி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த தகர டப்பாவில் போடுவார். அரிசி குறைவாக இருந்த நாட்களில் பிடி சின்னதாகும், ஆனால் கை டப்பாவுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் கொண்டுபோவார், ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவார்கள். 2020-ல் ஆலயங்கள் மூடிக் கிடந்தபோது எங்கள் சபைப் பெண்கள் அந்த அரிசியை ஏலம் விடாமல், வேலை இழந்த வீடுகளுக்குப் படியால் அளந்து கொடுத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோதும் முதல் நாள் இரவுக் கஞ்சிக்கு உதவியது அதுதான், அந்த நேரத்தில் கடையும் இல்லை, கரண்டும் இல்லை, ஜிபேவும் ஓடவில்லை. ரேஷன் அரிசியையே போடுங்கள். கல்லை மட்டும் பொறுக்கிவிட்டுப் போடுங்கள்.