மேளக்காரர் சம்பளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தென்காசிப் பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள். பாதிப் பேர் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறோம். வருகிற மே மாதம் ஊரில் இரண்டு நாள் இசை விழா நடத்தப்போகிறோம். ஊரே செல்போனில் மூழ்கிக் கிடக்கிறது, பெரியவர்கள் பேச ஆளில்லாமல் இருக்கிறார்கள். எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும், நம் பக்கத்து வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்துக் கலைஞர்களுக்கு ஒரு மேடை தர வேண்டும் என்பது ஆசை. நாலு லட்சம் சேர்ந்திருக்கிறது. கூட்டம் வரவேண்டுமே என்று டிவியில் பிரபலமான ஒரு பாடகரைப் பேசியிருக்கிறோம். அவருக்கே இரண்டு லட்சம். மேடை, லைட், எல்இடி திரைக்கு ஒன்றரை. உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பொன்னாடை, கேடயம், பஸ் செலவு தருகிறோம். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பெரிய வித்வான்களே பணம் வாங்காமல் பாடுகிறார்களே, அப்படி இவர்களும் சேவையாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். விழாவுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்வீர்களா? சினிமாப் பாட்டைச் சேர்ப்பது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயர் எதுவானாலும் வையுங்கள். சினிமாப் பாட்டில் ஒரு தவறும் இல்லை. நாதசுரத்தில் சினிமாப் பாட்டு கேட்காத கோயில் கொடை விழா நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? செல்போனைத் திட்டுவதையும் நிறுத்திவிடலாம், உங்கள் விழா அழைப்பிதழே அதில்தான் வரப்போகிறது. என்னை உறுத்துவது உங்கள் கணக்கு.

போன மார்கழியில் பஸ்ஸில் ஒரு தவில்காரரைப் பார்த்தேன். பல கொடைகளில் கேட்ட கை. சிமெண்ட் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "குலசை தசராவோட முடிஞ்சுது சார், இனி தையிலதான்" என்றார். குலசேகரன்பட்டினத்துத் தசராவைச் சொன்னார். சென்னையில் சபாக்கள் நிரம்பி வழிகிற அதே மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகும், மார்கழியில் கல்யாணம் கிடையாது, கொடை கிடையாது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொடைக் காலமே ஊரடங்கில் போயிற்று. அப்போது வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து விழுந்திருக்கிறது. நீங்கள் கொஞ்சம் திட்டு வாங்கத்தான் வேண்டும்.

மே மாதம் என்கிறீர்கள். சித்திரையும் வைகாசியும். அந்தக் கலைஞர் குழுக்களுக்கு, அதாவது செட்டுகளுக்கு, அப்போது ஏற்கெனவே கொடை பேசி அச்சாரம் வாங்கியிருப்பார்கள். ஓர் இரவுச் சம்பளத்தை விட்டுவிட்டு உங்கள் பொன்னாடைக்கு வா என்கிறீர்கள். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'மேடை தருவது'. சுடலைமாடன் கோயில் முன்னால் மகுடம் என்ற பறையை நெருப்பில் காய்ச்சி விடிய விடிய நிற்கிற ஆளுக்கு மேடை இல்லாமலா இருந்தது?

அப்புறம் திருவையாறு. இதை யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவர் சமாதியில் பாடுகிறவர்கள் தங்கள் குருபரம்பரைக்குச் செலுத்துகிற அஞ்சலி அது. பெரிய வித்வான்கள் மார்கழிக் கச்சேரிகளை முடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குப் படியளக்கிற இடம் வேறு, கும்பிடுகிற இடம் வேறு. உங்கள் ஊர்ப் பம்பைக்காரருக்கு நீங்கள் எந்த உறவில் குரு? அந்த ஆராதனையின் கதையாவது தெரியுமா? பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் பிரிந்து கிடந்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துத் தனியே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லோரும் ஒன்றானார்கள். சேவை என்றால் அவர் செய்தது. அடுத்தவர் கூலியில் செய்வதற்கு அந்தப் பெயர் வேண்டாம்.

சின்னப் பையனாக எங்கள் ஊர் அம்மன் கொடையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலை, மஞ்சள் நீராட்டு முடிந்துவிட்டது. மேளச் செட்டுக்குப் பேசிய தொகையில் பாதி பாக்கி. கணக்கு வைத்திருந்தவர் எங்களுக்குச் சொந்தம்தான். "கொடை வரி முழுசா வரல, இருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தார். அதுவரை அவர்கள் கோயில் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். இரவுக்குள் அடுத்த ஊர்க் கொடைக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் கொடுத்தபோதும் குறைத்தே கொடுத்தார். நாதசுரக்காரர் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. முந்தின இரவு இதே கணக்குக்காரர் எல்லோரும் பார்க்க அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தினாரே, கூட்டம் கைதட்டியதே! அன்றிலிருந்தே எனக்குப் பொன்னாடையைக் கண்டால் ஆகாது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன்தான் கூட்டத்தைக் கூட்டி வைத்துக் கொடுக்கிறான்.

கோபம் போகட்டும். நீங்கள் நல்ல பிள்ளைகள், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஊரைவிட்டுப் போனவர்கள் ஊருக்கு ஒன்று செய்ய நினைப்பதே பெரிது.

சம்பளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு நையாண்டி மேளச் செட்டு என்றால் இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, கிடுமுட்டி, தாளம். தொகையை நீங்கள் அடித்துக் குறைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆளைக் குறைப்பார்கள். முதலில் கிடுமுட்டி போகும், பிறகு பம்பை. இரண்டு நாதசுரம் ஒன்றாகும். குறைந்த இடத்தை நிரப்பக் கீபோர்டு வரும். அதைக் கேட்டுவிட்டு "கலை அழிகிறது" என்று நீங்களே முகநூலில் எழுதுவீர்கள். ஆகவே பேசும்போதே எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஊர்க் கொடைகளில் அவர்கள் வாங்குவது எவ்வளவோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். பாதியை அச்சாரத்தோடு, மீதியை அவர்கள் கருவிக்கு உறை போடும் முன்னால். செட்டுத் தலைவர் கையில் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம், அப்படியே இருக்கட்டும். சாப்பாடும், பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும், முதல் பஸ் வரும்வரை படுக்க இடமும் வேண்டும். பாடகருக்கு ஏசி ரூம் போட்டிருப்பீர்கள் அல்லவா?

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். இந்தப் பத்து மணி யாருடைய நேரத்தை விழுங்கும் தெரியுமா? எம்எல்ஏ பேசுவார், ஸ்பான்சர் பேசுவார், பாடகர் ஏழு மணிக்கு வரவேண்டியவர் எட்டரைக்கு வருவார். கடைசியில் வைத்த வில்லுப்பாட்டுக்காரர்கள் தொடக்க வாழ்த்தான காப்பைப் பாடி முடிக்கும்போது போலீஸ் வந்து நிற்கும். வில்லை ஐந்தரைக்குத் தொடங்கிவிடுங்கள். பேச்சாளர்களைக் கடைசியில் போடுங்கள், பத்து மணி அவர்கள் வாயை அடைக்கட்டும்.

ஊர் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடைக்கு எந்தத் தெருவில் உங்கள் ஊர் வரி வாங்குவதில்லை? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரியும். 2015-இல் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. அதற்கு மீனவர் குப்பத்தைத் தேடிக் கர்நாடக இசைக்காரர்கள் போனார்கள். நீங்கள் பெசன்ட் நகர் வரை போகவேண்டாம், அந்தத் தெருவுக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில் பந்தல் போடுங்கள். போட்டுவிட்டு அந்த வீடுகளிலும் நன்கொடை கேளுங்கள். பத்து ரூபாயானாலும் ரசீது எழுதுங்கள்.

பாடகருக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது என்றால் அவரும் வந்து பாடட்டும். எல்இடி திரையை மட்டும் ரத்து செய்யுங்கள். அந்தக் காசில் இன்னும் இரண்டு செட்டு பேசலாம். தேதியை மார்கழிக்குத் தள்ளுங்கள். லீவு கிடைக்காது என்பீர்கள், கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்று, மார்கழியில் பனி இறங்கும். பெரியவர்கள் உட்காரும் பக்கம் படுதா கட்டித் தரச் சொல்லிப் பந்தல்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அன்புடன்.