எறிவாளர் பக்கமா, துடுப்பாளர் பக்கமா: ஒன்லைன் பேஸ்போல் சிமுலேஷன் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலை நகரிலும் அயல் ஊர்களிலும் இருந்து ஒன்லைன் பேஸ்போல் சிமுலேஷன் (உண்மையான வீரர்களின் புள்ளிவிவரங்களை வைத்துக் கணினி போட்டிகளை நடத்தும் விளையாட்டு) ஆடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள்: உங்கள் லீக்கில் ஓர் அணி ஒரு போட்டியில் சராசரியாக எத்தனை ஓட்டம் எடுக்கிறது என்பதை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள். அந்த எண் தெரியாமல் எறிவாளர் பலமா துடுப்பாளர் பலமா என்று யாராலும் சொல்ல முடியாது.

உவர்மலை: அண்ணா, எங்கள் லீக்கில் போட்டிகள் 2–1, 1–0 என்றே முடிகின்றன. 0.300 சராசரியோடு ஒரு துடுப்பாளரைக் காண்பதே அரிது. மென்பொருளில் பிழையா?

நீங்கள் அனுப்பிய படத்தின் மேல் மூலையில் 1968 என்று இருக்கிறது, தம்பி. பிழை இல்லை, நீங்கள் தெரிவு செய்த ஆண்டு அப்படிப்பட்டது. அந்த ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு போட்டிக்கு எடுத்த சராசரி ஓட்டம் 3.42, எல்லோரையும் சேர்த்த துடுப்புச் சராசரி, அதாவது வாய்ப்புகளில் அடித்துத் தளத்தை எட்டும் 'ஹிட்' ஆனவற்றின் பங்கு, 0.237. சென் லூயிஸ் அணியின் பொப் கிப்சன் பருவம் முழுவதும் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ஓட்டம் என்ற ஈ.ஆர்.ஏ. கணக்கோடு முடித்தார். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் துடுப்பாட்டத்தில் முதலிடம் பெற்ற கார்ல் யஸ்திரம்ஸ்கியின் சராசரியே 0.301தான். நிலைமை பொறுக்காமல் 1969இல் எறிவாளர் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள். எறிவாளர் பந்தைச் செலுத்தவேண்டிய ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். அந்த ஆண்டே ஓட்டச் சராசரி 4.07 ஆனது. 2000ஆம் ஆண்டுக்கு வந்தால் அது 5.14.

உண்மையான விளையாட்டிலேயே நிறை இப்படி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. சிமுலேஷன் நீங்கள் கொடுத்த ஆண்டின் மொத்தங்களை எட்டத்தான் முயல்கிறது. ஓட்டம் நிறைய வேண்டுமென்றால் 'அவுட் ஒஃப் த பார்க்' போன்ற விளையாட்டில் லீக் மொத்தங்களுக்கான செட்டிங்கில் வேறோர் ஆண்டைத் தெரிவு செய்யலாம். வீரர்களைத் தொடவே தேவையில்லை. வீரர்களின் மதிப்பீட்டு எண்களைக் கையால் கூட்டிக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வரும், ஏனென்றால் அடுத்த பருவத்தில் மென்பொருள் தன் மொத்தங்களை மறுபடி சரிசெய்யும்போது அந்த உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

கிண்ணியா: நானா, சம்பள உச்சவரம்புள்ள லீக்கில் 0.330 அடித்த ஒருவரைப் பெரும் விலை கொடுத்து எடுத்தேன். பருவம் முடிய 0.261 என்று நிற்கிறார். லீக்கின் மூல ஆண்டுச் சராசரி 0.260. ஏமாற்றுகிறார்களா?

லீக் சராசரியை எழுதியதற்கு நன்றி. இதுவரை அதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான். ஏமாற்று ஒன்றுமில்லை. உங்கள் துடுப்பாளர் 0.330 அடித்தது அவருடைய காலத்தின் எல்லா எறிவாளர்களுக்கும் எதிராக, அதாவது நல்லவர், நடுத்தரமானவர், அடுத்த மாதம் வேலை இழக்கப் போகிறவர் அனைவருக்கும் எதிராக. உங்கள் லீக்கிலோ பன்னிரண்டு உரிமையாளர்களும் தேடித் தேடி எடுத்த முதல்தர எறிவாளர்கள் மட்டுமே நிற்கிறார்கள்.

பேஸ்போல் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த, இருவர் சந்தித்தால் என்ன வரும் என்று கணிக்கும் 'லொக் ஃபைவ்' முறையின்படி போட்டுப் பாருங்கள். துடுப்பாளர் 0.330, எறிவாளர் எதிரணிக்கு விட்டுக்கொடுப்பது 0.200, லீக் 0.260. முதல் இரண்டையும் பெருக்கி லீக் சராசரியால் வகுத்தால் 0.254. அடுத்து, தவறும் வாய்ப்புகளான 0.670ஐயும் 0.800ஐயும் பெருக்கி 0.740ஆல் வகுத்தால் 0.724. முதல் விடையை இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.26க்கு மயிரிழை குறைவாக வரும். உச்ச வீரர் உச்ச வீரரைச் சந்தித்தால் இருவரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டு சராசரியில் வந்து நிற்பார்கள். உங்கள் 0.261 கணக்குக்கு மிகச் சரி.

மூதூர்: சேர், எல்லா விளையாட்டும் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகின்றனவா? பகடை முறையில் வந்த பழைய விளையாட்டுகளில் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடிப்பவர்களுக்குச் சலுகை அதிகம் என்று சொல்கிறார்களே?

இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஹால் ரிச்மன் 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' மூன்று பகடைகளால் ஆடுவது. பின்னர் அது ஒன்லைனுக்கும் வந்தது. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் துடுப்பாளரின் கார்டைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் எறிவாளரின் கார்டு. பாதிப் பாதி. அதனால் துடுப்பாளரின் கார்டில் எறிவாளரால் கைவைக்கவே முடியாத ஒரு பாதி எப்போதும் இருக்கிறது.

துடுப்பாளர் நூறு வாய்ப்புக்கு 8 ஹோம் ரன் அடிப்பவர், எறிவாளர் நூறுக்கு 1 மட்டும் கொடுப்பவர், லீக் சராசரி 3 என்று வைப்போம். சராசரி எதிராளியைச் சந்தித்தால் உண்மையான எண் வரும்படி கார்டுகள் அமைக்கப்படுவதால், பகடை முறை கூட்டல் கணக்காகிறது: 8ஐயும் 1ஐயும் கூட்டி 3ஐக் கழித்தால் நூறுக்கு 6. லொக் ஃபைவ் பெருக்கல் கணக்கு, அதில் 2.8தான் வரும். ஒரே இருவர், ஒரே சந்திப்பு, ஆனால் ஒரு முறையில் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல்!

துடுப்புச் சராசரியில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. மேலே கிண்ணியாக்காரருக்குப் போட்ட எண்களைக் கூட்டல் முறையில் போட்டால் 0.270 வரும், பெருக்கல் முறையில் 0.260. அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளில்தான் இரு முறைகளும் விலகிப் போகின்றன. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கூட்டல் முறை விளையாட்டில் ஹோம் ரன் வீரருக்குத் துணிந்து செலவழியுங்கள். பெருக்கல் முறையில் ஹோம் ரன் கொடுக்காத எறிவாளருக்குச் செலவழியுங்கள். அணி எடுக்க முன்னர் உங்கள் விளையாட்டு எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள்.

அலஸ்தோட்டம்: என்னுடைய அணியில் உள்ள பழைய ஹோம் ரன் வீரர் பேப் ரூத் ஏன் உண்மையில் அடித்த அளவு அடிக்கவில்லை?

கிண்ணியாவுக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

பாலையூற்று: புதிதாகச் சேர்ந்தவன் நான். முதல் பத்துப் போட்டிகளில் என் சிறந்த துடுப்பாளர் 40 வாய்ப்பில் 7 ஹிட். விற்றுவிடவா?

விற்காதீர்கள். உண்மையில் 0.270 தரமுள்ள ஒருவர் 100 வாய்ப்பில் 0.226இலிருந்து 0.314 வரை எங்கும் நிற்கலாம். மூன்றில் ஒரு தடவை அதற்கும் வெளியே போவார். 500 வாய்ப்பு ஆன பிறகும் இருபுறமும் 0.020 தள்ளாட்டம் இருக்கத்தான் செய்யும். 40 வாய்ப்பு என்பது ஒன்றுமேயில்லை. உங்களிடமிருந்து அவரை வாங்கக் காத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்.

உப்புவெளி: இந்த விளையாட்டுக்கு எந்த மடிக்கணினி நல்லது?

கடையில் கேளுங்கள்.

சாம்பல்தீவு: ஆரம்ப எறிவாளர் ஐந்து போட்டிக்கு ஒருமுறைதான் வருகிறார். துடுப்பாளர் தினமும் ஆடுகிறார். எறிவாளருக்குப் பணத்தைக் கொட்டுவது மடமை என்கிறேன். சரிதானே அண்ணா?

பாதி சரி. ஆரம்ப எறிவாளர் பருவத்தில் 32 போட்டி வீசி, ஒவ்வொன்றிலும் 24 துடுப்பாளர்களைச் சந்தித்தால் 768 சந்திப்பு. துடுப்பாளர் 155 போட்டி ஆடி, ஒவ்வொன்றிலும் 4.2 தடவை நின்றால் 651. ஐந்து நாளுக்கு ஒருமுறை வருபவர்தான் அதிகச் சந்திப்புகளில் பங்குகொள்கிறார்.

இதை எழுதியதும் சாம்பல்தீவும் கிண்ணியாவும் மோதிக்கொண்டன. கிண்ணியாக்காரரின் வாதம் இது: முரளிதரன் 800 டெஸ்ட் இலக்குகளைச் சாய்த்த நாட்டில் பிறந்தவர்களுக்குப் பந்துவீச்சின் அருமையை விளக்க வேண்டியதில்லை, 768 என்ற எண்ணே போதும், எல்லாப் பணத்தையும் எறிவாளருக்கே கொடுக்க வேண்டும். சாம்பல்தீவுக்காரரோ, அந்த 768இல் பெரும்பகுதியைக் களத்தடுப்பாளர்கள்தான் முடித்துவைக்கிறார்கள் என்கிறார்.

இந்த இடத்தில் சாம்பல்தீவு பக்கம் சாய்கிறேன். புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதிய கட்டுரை பேஸ்போல் உலகத்தையே கலக்கியது. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது), வோக் (நான்கு தவறான பந்துகளால் முதல் தளத்தை இலவசமாகப் பெறுவது), ஹோம் ரன் ஆகிய மூன்றும் எறிவாளரின் கையில் இருக்கின்றன. மைதானத்துக்குள் அடிபட்ட பந்து ஹிட்டாகுமா இல்லையா என்பதில் எறிவாளருக்கு எறிவாளர் உள்ள வேறுபாடு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட பந்துகளில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று ஹிட்டாகும், யார் வீசினாலும். இன்றைய மேஜர் லீக்கில் சந்திப்புகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் களத்தடுப்பாளர் தொடாமலே முடிகிறது. எனவே 768இல் ஏறக்குறைய 500 களத்தடுப்போடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியவை.

கிண்ணியா விடவில்லை: அப்படியானால் திறமையான எறிவாளர் பந்தை வலுவில்லாமல் அடிக்கவைப்பது வெறும் அதிர்ஷ்டமா என்று கேட்டார். அதுவும் இல்லை. 'டயமண்ட் மைண்ட்' சிமுலேஷனை உருவாக்கிய டொம் டிப்பெட் 2003இல் இதையே ஆராய்ந்து, மெக்ராக்கன் சொன்னதைவிட எறிவாளருக்குச் செல்வாக்கு உண்டு என்று எழுதினார். குறிப்பாகப் பந்தைச் சுழலவிடாமல் வீசும் நக்கிள்போல் காரர்களுக்கு. ஆனால் உங்கள் விளையாட்டு அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கிறதா என்பதைப் பொறுத்தே பணம் செலவழிக்க வேண்டும். எறிவாளரின் ஹிட் எண்ணிக்கையை அப்படியே நம்பும் விளையாட்டும் உண்டு. ஸ்ட்ரைக் அவுட்டையும் வோக்கையும் மட்டும் நம்பும் விளையாட்டும் உண்டு. முரளிதரனை இதற்குள் இழுக்க வேண்டாம். அவருடைய பந்தைச் சந்தித்தவர் ஆட்டமிழந்தால் வெளியே போய்விடுவார், பேஸ்போலில் அதே ஆள் மூன்றாவது இன்னிங்ஸில் திரும்ப வருவார்.

உவர்மலைக்காரர் இடையில் புகுந்து, ஓட்டத்தைத் தடுப்பதும் எடுப்பதும் ஒரே பெறுமதியா என்று கேட்டார். ஏறக்குறைய ஒன்று. எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்ததும் கொடுத்ததுமான இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கும் பில் ஜேம்ஸின் வெற்றிக் கணக்கைப் போடுங்கள். உங்கள் 1968 லீக்கில் 3.4 எடுத்து 3.4 கொடுக்கும் அணி அரை ஓட்டத்தைத் தடுத்தால் வெற்றி விகிதம் 0.579, அரை ஓட்டம் கூடுதலாக எடுத்தால் 0.568. 162 போட்டியில் இந்த வித்தியாசம் இரண்டு வெற்றிகூட இல்லை. ஆனால் 5.1 ஓட்ட லீக்கில் அதே அரை ஓட்டத்தைத் தடுத்தாலும் 0.551தான் கிடைக்கும். ஓட்டம் குறைந்த லீக்கில் ஒவ்வோர் ஓட்டமும் விலை கூடியது, அது எந்தப் பக்கத்தால் வந்தாலும். சண்டை இத்தோடு முடியட்டும். இரு ஊருக்கும் இடையில் இனி வரும் மடல்களுக்குப் பதில் எழுத மாட்டேன்.

தம்பலகாமம்: என் எறிவாளர்கள் வெளியூரில் நன்றாக வீசுகிறார்கள், சொந்த மைதானத்தில் அடிவாங்குகிறார்கள். மைதானமாகக் கூர்ஸ் ஃபீல்டைத் தெரிவு செய்திருக்கிறேன்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கூர்ஸ் ஃபீல்ட் இருக்கும் டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைவு, பந்து தூரம் போகும், வளைந்து வரவேண்டிய பந்தும் போதுமான அளவு வளையாது. 2002இலிருந்து அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள், அப்படியும் அது துடுப்பாளர் மைதானமே. வெளியூர்ப் புள்ளிகளை வைத்து எறிவாளரை எடைபோடுங்கள். எதிரணி எறிவாளர்களும் அங்கே அடிவாங்குகிறார்களா என்றும் பாருங்கள்.

சல்லி: துடுப்பாளர்களை ஏன் இவ்வளவு பலவீனமாக வைத்திருக்கிறார்கள்?

எந்த லீக்? எத்தனை ஓட்டம்? மேலே முதல் பந்தியிலேயே கேட்டிருக்கிறேன்.

திருக்கடலூர்: 0.340 வீரர் எனக்கு 0.270 மட்டுமே அடிக்கிறார்.

கிண்ணியாவுக்கு எழுதியது. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

நிலாவெளி: அண்ணா, எங்கள் லீக்கில் ஓர் அணி தன் முதல்தர மாற்று எறிவாளரை நாளாந்தம் இரண்டு இன்னிங்ஸ் வீசவைக்கிறது. ஒன்லைன் போட்டிகள் நமக்குக் காலை 6.30க்கு ஓடுவதால் இரவே அணியை அனுப்பிவிட்டுப் படுக்கிறோம். விடிந்து பார்த்தால் தோற்றிருக்கிறோம். சராசரி ஓட்டம் 3.9.

எண்ணையும் எழுதிவிட்டீர்கள், பிரச்சினையையும் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எறிவாளர் களைப்பு செட்டிங் நிறுத்தப்பட்டிருக்கிறது அல்லது மிகத் தளர்வாக இருக்கிறது. எறிவாளர் பக்கம் நிறை சாய்வதற்கு மதிப்பீட்டு எண்களைவிட இதுவே பெரிய காரணம்: களைப்பு இல்லாவிட்டால் உண்மையில் நூறு இன்னிங்ஸ் மட்டும் வீசிய மிகச் சிறந்த எறிவாளர் முன்னூறு இன்னிங்ஸ் வீசுவார், நடுத்தர எறிவாளர் யாரும் பந்தைத் தொடவே மாட்டார், லீக் முழுவதும் ஓட்டம் வற்றிப் போகும். பொறுப்பாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: களைப்பை இயக்கவேண்டும், ஒருவர் உண்மையான பருவத்தில் வீசிய இன்னிங்ஸுக்கு மேல் பத்து வீதம் வரைதான் அனுமதிக்கவேண்டும், இரண்டையும் இந்தப் பருவம் முடிந்த பின்னரே நடைமுறைப்படுத்தவேண்டும். நடுவில் மாற்றினால், இருக்கும் விதியை நம்பி மாற்று எறிவாளருக்கு விலைகொடுத்தவர் நியாயமாகவே சண்டைக்கு வருவார். அதுவரை நீங்களும் உங்கள் சிறந்த மாற்று எறிவாளரைத் தினமும் இரண்டு இன்னிங்ஸ் போடுங்கள், விதி அனுமதிக்கிறது.