இந்தியாவிலிருந்து சரக்கு எடுக்கிறவர்கள் கேட்டவை: ஏஐ படிவம் முதல் வெங்காயத் தடை வரை

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கு ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு)–இந்தியா வரிச் சலுகை ஒப்பந்தம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, பினாங்கு லெபோ பாசாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஆசியானுக்கும் இந்தியாவுக்கும் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் என் சரக்குக்கு வரி போட்டார்கள்?

சென்னையில் அனுப்புகிறவரிடம் ஏஐ படிவம் கேட்டீர்களா? ஏஐ என்றால் ஆசியான்–இந்தியா. சரக்கு இந்தியாவில்தான் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழ் அது. அந்தத் தாள் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இருந்தும் உங்களுக்கு இல்லாத மாதிரிதான், கஸ்டம்ஸில் சாதாரண வரியைத்தான் போடுவார்கள். ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பேங்காக்கில் கையெழுத்தானது, 2010 ஜனவரி 1 முதல் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே நடப்பில் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் கேட்கத் தெரியாமல் முழு வரி கட்டுகிற சின்னக் கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

படிவத்தை ஏற்றுமதி செய்கிறவர்தான் எடுத்துத் தர வேண்டும், அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கப்பல் கிளம்பி மூன்று வேலை நாளுக்குள் எடுப்பது நல்லது. தவறினாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்கலாம், ஆனால் பிறகு வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். 

ஒன்றை மறக்காதீர்கள், இந்தப் படிவம் குறைப்பது இறக்குமதி வரியை மட்டும்தான். விற்பனை வரி தனி.

கேள்வி: படிவம் இருந்தும் நிராகரித்துவிட்டார்கள். என்ன தப்பு?

பெரும்பாலும் பொருள் குறியீட்டு எண்தான், அதாவது ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் கஸ்டம்ஸில் இருக்கிற எண். இன்வாய்ஸில் ஒரு எண், படிவத்தில் வேறு எண், பேக்கிங் லிஸ்டில் இன்னொரு எடை என்று வந்தால் அதிகாரி கேள்வி கேட்கத்தான் செய்வார். எனக்கே ஒருமுறை நடந்தது. பித்தளை விளக்குகள் ஒரு கண்டெய்னர், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால். அனுப்பிய ஆள் பழைய படிவத்தைப் பார்த்து எண்ணை அப்படியே எழுதிவிட்டார், நானும் சரிபார்க்காமல் நம்பிவிட்டேன். திருத்திய படிவம் வருவதற்குள் பண்டிகை போய்விடும் என்று வாடிக்கையாளர் முழு வரியையும் கட்டிச் சரக்கை எடுத்தார். அன்றிலிருந்து கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுகிறேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: பினாங்கு பிறையில் பிஸ்கட் செய்கிறோம், கோதுமை மாவு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. சென்னைக்கு அனுப்பினால் மலேசியப் பொருள் என்று ஏற்பார்களா?

ஏற்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒன்று, எஃப்ஓபி விலையில் (சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலை) குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளில் உண்டான மதிப்பாக இருக்க வேண்டும். நூறு வெள்ளி (ரிங்கிட்) பிஸ்கட்டில் ஆஸ்திரேலிய மாவு, ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் மற்றப் பொருள் எல்லாம் சேர்த்து அறுபது வெள்ளி என்றால் நாற்பது நம்முடையது, போதும். இரண்டாவது, உள்ளே போன பொருளின் ஆறு இலக்கக் குறியீடும் வெளியே வருகிற பொருளின் குறியீடும் வேறாக இருக்க வேண்டும். மாவு பிஸ்கட் ஆகிறது, அதனால் மாறிவிடும். வெளிநாட்டுப் பிஸ்கட்டை வாங்கிப் பொட்டலம் மட்டும் மாற்றினால் மாறாது. தாய்லாந்துச் சர்க்கரை, நம் செம்பனை எண்ணெய் எல்லாம், அவற்றுக்கும் உற்பத்தி நாட்டுச் சான்று இருந்தால், நம் கணக்கில் சேரும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, இந்தியா அந்தப் பொருளுக்குச் சலுகை தந்திருக்கிறதா என்பது. விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். அதைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியா விதியை இறுக்கிவிட்டது. மூன்றாம் நாட்டுப் பொருள் ஆசியான் வழியாக நுழைகிறது என்பது அவர்கள் சந்தேகம். இப்போது படிவம் மட்டும் போதாது, சென்னையில் வாங்குகிறவர் பொருள் எப்படித் தயாரானது என்ற விவரத்தையும் ஐந்து வருஷம் கையில் வைத்திருக்க வேண்டும். அவர் உங்கள் விலைக் கணக்கைக் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார்.

கேள்வி: மைசெகா என்று இன்னொன்று சொல்கிறார்களே?

அது மலேசியாவும் இந்தியாவும் மட்டும் போட்டது, 2011 ஜூலை 1 முதல் நடப்பில். ஒரு சரக்குக்கு இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். வரி எதில் குறைவோ அதை எடுங்கள். இங்கிருந்து அனுப்பினால் இரண்டில் எந்தச் சான்றிதழானாலும் மித்தியில்தான் (மலேசிய வாணிப அமைச்சு) வாங்க வேண்டும்.

கேள்வி: 2020-ல் செம்பனை எண்ணெயை இந்தியா நிறுத்தியது. ஒப்பந்தம் இருந்தும் எப்படி முடிந்தது?

நல்ல கேள்வி. 2019-ல் சுத்திகரித்த செம்பனை எண்ணெய்க்கு இந்தியா போட்ட வரி மைசெகாவில் 45 விழுக்காடு, ஆசியான் ஒப்பந்தத்தில் 50. ஆசியான் ஒப்பந்தத்தில் அனுப்புகிற இந்தோனேசியாவைவிட நமக்கு ஐந்து விழுக்காடு லாபம். அந்தச் செப்டம்பரில் இந்தியா உள்நாட்டுத் தொழிலைக் காக்கிற பாதுகாப்பு வரி என்று மலேசிய எண்ணெய்க்கு ஐந்தைக் கூட்டி அதைச் சமமாக்கியது. அதே மாதம் ஐநா சபையில் அப்போதைய பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசினார். 2020 ஜனவரி 8-ல் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்று இந்தியா அறிவித்தது. அறிவிப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, ஆனால் அடி யாருக்கு என்று துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. வரியைக் குறைக்கத்தான் ஒப்பந்தம் பயன்படுகிறது. இரண்டு அரசுகளுக்கு நடுவே மனஸ்தாபம் வந்தால் அது வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிடும். ஒரே நாட்டை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள் என்று அப்போதிருந்து என் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: வெங்காயம், அரிசித் தடையும் அப்படித்தானா?

அது அரசியல் கோபம் இல்லை, உள்நாட்டு விலைப் பயம். உணவுப் பொருளுக்குக் கடும் பற்றாக்குறை வந்தால் தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்த உலக வாணிப விதியிலேயே இடமிருக்கிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு, டிசம்பரில் வெங்காயத்துக்கு அப்படித் தடை வந்தது. ஆனால் பேசினால் வழி பிறக்கும் என்பதற்கும் அந்த வருஷமே உதாரணம், அக்டோபரில் மலேசியாவுக்கென்று 1,70,000 டன் வெள்ளை அரிசிக்கு இந்தியா அனுமதி தந்தது.

கேள்வி: உணவகத்துக்கு ஊரிலிருந்து சமையல்காரர் எடுக்க இந்த ஒப்பந்தம் உதவுமா அக்கா?

உதவாது. இது சரக்குக்கானது. சேவைகளுக்கான தனி ஒப்பந்தத்தில் ஆள் போய்வருவது பற்றி இருக்கிற பகுதியும் தொழில்முறை நிபுணர்கள், நிறுவனத்துக்குள் மாற்றலாகி வருகிறவர்கள், வியாபாரப் பயணிகள் போன்றவர்களுக்குத்தான். வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி முழுக்க நம் அரசாங்கத்தின் முடிவு. ஒப்பந்தத்தைக் காட்டி விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்திய இணையக் கடையில் 300 வெள்ளிக்குச் சேலை வாங்கினேன். 10 விழுக்காடு வரி போட்டார்கள், ஏஐ படிவம் கேட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம்மா. அது 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இணையப் பொருள்களுக்கு வந்த விற்பனை வரி, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் உண்டு. அதே சேலையை விற்பனைக்காகக் கப்பலில் மொத்தமாக எடுக்கிறதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள், குறியீட்டு எண்ணைப் பார்த்து எந்தப் படிவம் லாபம் என்று சொல்கிறேன்.