“40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசும் இடம்) கேட்க எஸ்டிஆர் (வேலையின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் செய்யும் ரேடியோ) வாங்கலாம் என்றிருக்கிறேன். சவுண்ட் கார்டு கிட்டா, டைரக்ட் சாம்ப்ளிங் யுஎஸ்பி டாங்கிளா, எது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடியில் 20 மீட்டர் வயர் கட்டியாச்சு, 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டால் போதும் என்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு சவுண்ட் கார்டு கிட்டுக்குத்தான். இரண்டையும் வைத்துப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

டாங்கிள் டிவிக்காகச் செய்தது. டியூனரை ஒதுக்கிவிட்டு ஆன்டெனாவை நேராக ஏடிசியில் (சிக்னலை அளந்து எண்ணாக்கும் சிப்பில்) கொடுத்தால், அது விநாடிக்கு 2 கோடியே 88 லட்சம் முறை அளக்கும். அதில் பாதி, அதாவது 14.4 மெகாஹெர்ட்ஸ்தான் எல்லை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் காகிதத்தை மடித்த மாதிரி கீழே வந்து விழும். 28.8-இலிருந்து 21.65-ஐக் கழித்துப் பாருங்கள்: 7.15. அதாவது 13 மீட்டர் ஒலிபரப்பு பேண்ட் நம் 40 மீட்டர் தலையில்தான் வந்து உட்காரும். நம் ஆட்கள் பேசும் இடத்தில் திடீரென்று ஏதோ வெளிநாட்டுச் சங்கீதம் கேட்டால் குழம்ப வேண்டாம்.

இன்னொரு தொல்லை, அந்த ஏடிசி வெறும் 8 பிட், அதாவது 256 படிகளில்தான் அளக்கும். ஊர்ப்பக்கம் மீடியம் வேவ் டவர் இருந்தால் அதுவே மொத்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும், பலவீனமான ஹாம் குரல் தலைதூக்காது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் வழிவிடும் ஃபில்டர் ஒன்றை முன்னால் போட்டால் இரண்டு தொல்லையும் அடங்கும். 14 பிட் ஏடிசி வைத்த ஐகாம் ஐசி-7300 என்ற ஹாம் ரேடியோவிலேயே முன்னால் பேண்ட்பாஸ் ஃபில்டர்கள் வரிசையாக இருக்கின்றன. டாங்கிளுக்கு வேண்டாமா?

கிட் வேறு ரகம். 28.224 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நான்கால் வகுத்து 7.056. அந்த வேகத்தில் ஒரு ஸ்விட்ச் ஐசி ஆன்டெனாவை மாற்றி மாற்றிக் கெபாசிட்டர்களில் தொடுக்கும் (டெய்லோ மிக்ஸர் என்பார்கள்). வெளியே வருவது 90 டிகிரி தள்ளி நிற்கும் இரண்டு ஆடியோ, ஐயும் க்யூவும். அவை கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்குப் போகும். அது விநாடிக்கு 96 ஆயிரம் முறை அளப்பது (96 கிலோஹெர்ட்ஸ்) என்றால் 7.008 முதல் 7.104 வரை ஒரே திரையில் தெரியும். 7.2 வரை போக 192 இருந்தாலும் எட்டாது, வேறு கிரிஸ்டல் வேண்டும். நடுவில் ஒரு மேடும் நிற்கும், அதை ஒதுக்கிக் கேட்டுக்கொள்ளலாம்.

இதன் வியாதி நிழல். 7.068-இல் பேசுபவர் 7.044-இலும் மெலிதாகத் தெரிவார், அங்கே எல்எஸ்பியில் (40 மீட்டரில் குரலுக்கு வழக்கமான முறை) வைத்தால் வாத்துக் குரல். ஐ, க்யூ இடையே ஒரு டிகிரி பிசகினாலே நிழல் சுமார் 41 டெசிபெல்தான் அடங்கும். சாஃப்ட்வேரில் திருத்தலாம்.

ஆனால் எனக்கு நிழல் அசலுக்குச் சமமாக நின்றது. ஓர் இரவு முழுக்கச் சால்டர் புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். போர்டில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பின் மைக் ஜாக் மோனோ, ஒரே ஆடியோவைத்தான் வாங்கும்! க்யூ உள்ளேயே போகவில்லை. ஆகவே கிட்டுக்குப் பணம் கட்டும் முன் ஸ்டீரியோ லைன்-இன் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.