கவுண்டி சுகாதாரத் துறை: நாற்காலி இரண்டு, எசமானர் ஒருவர் – கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் கவுண்டி ஒன்றில் தொற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். பலர் வசிப்பது லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் என்பதால், எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

டோரன்ஸ் வாசகி: கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றதுதானே? அப்படியானால் அதன் சுகாதாரத் துறைத் தலைவர் நம் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநரைப் போன்றவரா?

இல்லை. இந்த ஒப்பீட்டை முதலிலேயே கைவிட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டின் மாவட்டச் சுகாதார அலுவலர் மாநில அரசின் ஊழியர். சென்னையிலிருந்து வரும் ஓர் ஆணையில் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படக்கூடியவர். கலிஃபோர்னியக் கவுண்டியோ தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழுவைக் கொண்ட ஓர் அரசு. சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியை ஐந்து மேற்பார்வையாளர்கள் ஆள்கிறார்கள். சட்டமியற்றுவதும் நிர்வாகத்தை நடத்துவதும் அவர்களே. சுகாதாரத் துறையின் இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சாக்ரமெண்டோவிலுள்ள மாநில அரசு அவரை இடமாற்றம் செய்ய முடியாது. குழுவை ஒன்பது பேராக விரிவாக்கவும், நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கவும் 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். ஆகவே துறைத் தலைவர்கள் யாருக்குப் பதில் சொல்வார்கள் என்பதும் இனி மாறக்கூடும்.

செரிட்டோஸ் வாசகர்: துறைக்குள் என்னென்ன பிரிவுகள் உள்ளன? அரசு மருத்துவமனைகளும் இதில் சேர்ந்தவையா?

மருத்துவமனைகள் சேரா. 2006இல் பொதுச் சுகாதாரத் துறை, மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து பிரிந்து தனித்துறையானது. மனநலத்துக்கு வேறொரு துறை இருக்கிறது. இம்மூன்றையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவர 2015இல் ஒரு முயற்சி நடந்தது. ஆனால் தனித்தனியாக இருப்பதே நிலைத்தது. பொதுச் சுகாதாரத் துறைக்குள் தொற்றுநோய்க் கண்காணிப்பு, காசநோய், பாலியல் தொற்றுகள், தாய்சேய் நலம், ஆய்வகம், பேரிடர் ஆயத்தம், சுற்றுச்சூழல் சுகாதாரம் ஆகிய பிரிவுகள் உள்ளன. உணவகத்தின் கண்ணாடியில் ஏ, பி, சி என்று ஒட்டியிருக்கும் அட்டை கடைசிப் பிரிவின் கைவண்ணம். 1998இல் தொடங்கிய முறை அது. தொண்ணூறு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் ஏ.

டௌனி வாசகர்: எங்கள் தெருவில் கொசுத்தொல்லை. துறையில் யாரிடம் சொல்வது?

துறையில் அல்ல, கொசு ஒழிப்புக்கெனத் தனி உள்ளாட்சி அமைப்புகள் இயங்குகின்றன, அங்கே சொல்லுங்கள்.

பாசடீனா வாசகி: 2020 நவம்பரில் கவுண்டி, உணவகங்களின் திறந்தவெளி இருக்கைகளையும் மூடச் சொன்னபோது எங்கள் நகரத்தில் மட்டும் அவை திறந்திருந்தனவே, எப்படி?

பாசடீனா, லாங் பீச், பெர்க்லி ஆகிய மூன்று நகரங்களும் தமக்கெனச் சொந்தச் சுகாதாரத் துறை வைத்திருக்கின்றன. 58 கவுண்டிகளோடு இம்மூன்றையும் சேர்த்து மாநிலத்தில் 61 சுகாதார ஆள்புலங்கள். கவுண்டியின் ஆணை உங்கள் நகர எல்லையோடு நின்றுவிடும்.

இர்வைன் வாசகர்: லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் அல்லாத ஒருவரை இயக்குநராக வைத்திருந்தது முறையா? பெருந்தொற்றுக் காலத்தில் ஊரை அடைக்க அவருக்கு என்ன தகுதி?

இதே கேள்வி வெவ்வேறு சொற்களில் ஆறு பேரிடமிருந்து வந்திருப்பதால், விரிவாக ஒரு முறை மட்டும் சொல்கிறேன். இயக்குநர் வேறு, சுகாதார அலுவலர் வேறு. ஒவ்வொரு கவுண்டியும் ஒரு சுகாதார அலுவலரை நியமித்தே ஆகவேண்டும் என்றும், அவர் மருத்துவம் படித்தவராக இருக்கவேண்டும் என்றும் மாநிலச் சட்டம் கூறுகிறது. தனிமைப்படுத்தவும் நோய்ப்பரவலைத் தடுக்க ஆணையிடவும் சட்டம் அதிகாரம் தருவது அவருக்கே. இயக்குநருக்கு அந்த மருத்துவத் தகுதி கட்டாயமில்லை. வரவு செலவு, ஆள்சேர்ப்பு, மேற்பார்வையாளர் குழுவோடு பேச்சு ஆகியவை அவர் பொறுப்பு. ஜொனாத்தன் ஃபீல்டிங் 2014 வரை இரண்டு நாற்காலிகளிலும் தாமே அமர்ந்திருந்தார். அவர் விலகிய பின் அவை பிரிந்தன. 2017இல் பார்பரா ஃபெரர் இயக்குநராகவும், அடுத்த ஆண்டு மருத்துவர் முன்ட்டு டேவிஸ் சுகாதார அலுவலராகவும் வந்தார்கள். தொலைக்காட்சியில் தோன்றியவர் ஃபெரர் என்பதால் ஆணைகளும் அவருடையவை என்று எண்ணிவிட்டீர்கள், கையெழுத்து டேவிஸுடையது.

அதே வாசகர்: தலைமை இரண்டானால் பொறுப்பு யாருடையது? ஒரே மருத்துவர் இரண்டையும் ஏற்பதே நேர்மையல்லவா?

நீங்கள் வசிக்கும் ஆரஞ்ச் கவுண்டியையே எடுத்துக்கொள்வோம். முகக்கவச ஆணை பிறப்பித்ததற்காக அங்கே சுகாதார அலுவலராக இருந்த மருத்துவர் நிக்கோல் குவிக் மிரட்டல்களுக்கு ஆளாகி, 2020 ஜூனில் பதவி விலகினார். அவர் இடத்துக்கு இடைக்காலமாக வந்த கிளேட்டன் சாவ் அப்போதுதான் சுகாதார முகமையின் இயக்குநரானவர், அவரும் மருத்துவரே. இரண்டு நாற்காலிகளும் அவரிடம் சேர்ந்த சில நாட்களிலேயே அந்த ஆணை வெறும் பரிந்துரையாயிற்று. வரவு செலவுக்காக நாள்தோறும் மேற்பார்வையாளர்களை நாடவேண்டியவரிடமே, அவர்கள் விரும்பாத ஆணையைப் பிறப்பிக்கும் பேனாவையும் கொடுத்தால் அந்தப் பேனா தயங்கவே செய்யும் என்பது என் கணிப்பு.

சான் ஹோசே வாசகி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் சாண்டா கிளாரா கவுண்டியில் மருத்துவர் சாரா கோடி இரண்டு பொறுப்புகளையும் வகித்தபடியேதான் 2020 மார்ச்சில் துணிந்து செயல்பட்டார். உங்கள் கணிப்பு அங்கே பொய்த்துவிட்டதே?

நல்ல அடி. மார்ச் 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் சேர்ந்து வீட்டிலிருக்கும் ஆணை பிறப்பித்ததில் அவர் பங்கு முதன்மையானது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் இரண்டை எண்ணிப் பாருங்கள்: அவர் தனியாக நிற்கவில்லை, ஆறு கவுண்டிகளின் அலுவலர்கள் ஒரே நாளில் கையெழுத்திட்டதால் எவர் ஒருவரையும் தனியே பிடித்து நெருக்குவது எளிதாக இல்லை, அவருடைய மேற்பார்வையாளர்களும் அவரைத் தாங்கினார்கள். ஒரு நாற்காலியா இரண்டா என்பதைவிட, நியமித்த குழு பின்னால் நிற்குமா என்பதே பெரிது என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். குழு கைவிட்டால் பிரிந்த நாற்காலியும் காப்பாற்றாது. குவிக்கிடம் இருந்தது சுகாதார அலுவலர் பதவி மட்டுமே.

வால்நட் வாசகர்: இயக்குநருக்கு மனு எழுதினால் தனிமைப்படுத்தல் ஆணையை ரத்து செய்வாரா?

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். ஆணை சுகாதார அலுவலருடையது.

டாம்பா வாசகர்: ஃப்ளோரிடாவிலும் இதே அமைப்புதானா?

இல்லை. அங்கே 67 கவுண்டிகளின் சுகாதாரத் துறைகளும் மாநிலத் துறையின் கிளைகள். ஊழியர்கள் மாநில ஊழியர்கள். டோரன்ஸ் வாசகியின் ஒப்பீடு உங்கள் ஊருக்கே ஓரளவு பொருந்தும். வட கரோலினாவிலோ பல கவுண்டிகளில் சுகாதார வாரியம் ஒன்று இயக்குநரை நியமிக்கிறது. ரோட் ஐலண்டில் கவுண்டித் துறையே கிடையாது. ஆகவே ஊர்ப்பெயர் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

ஆர்ட்டீசியா வாசகி: துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கூட்டரசு நல்கைகள், மாநிலம் பங்கிட்டுத் தரும் விற்பனை வரியும் வாகன உரிமக் கட்டணமும், கவுண்டியின் பொதுநிதி, உணவக உரிமம் போன்ற கட்டணங்கள். 1991இல் ஏற்பட்ட பங்கீட்டு முறையில் ஒரு வம்பு உண்டு: பொருளாதாரம் சரியும்போது விற்பனை வரியும் சரியும், சுகாதாரத் தேவை உயரும் நேரமும் அதுவே. நல்கைகளோ பெரும்பாலும் ஒரு நோய்க்கென்று முத்திரையிடப்பட்டு வருபவை. காசநோய்க்கு வந்த பணத்தைத் தட்டம்மைக்குச் செலவிட இயக்குநர் நினைத்தாலும் முடியாது.

டோரன்ஸ் வாசகி, மீண்டும்: அப்படியென்றால் குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது?

உங்கள் பகுதி மேற்பார்வையாளரிடம். குழு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிறது. பொதுமக்கள் எவரும் பேசலாம், பேச்சுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.