மருத்துவர் பதில்: வராந்தாவுக்கு வந்து போவது குளவியா, கடந்தையா?

கேள்வி: அலங்காநல்லூர் அருகே தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். வராந்தாத் தகரத்தின் அடியில் காகிதம் போன்ற சிறு கூடு ஒன்றும், சுவிட்சுப் பெட்டியின் மேல் மண் உருண்டைகள் சிலவும் இருக்கின்றன. ஒரு வாரமாக, வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை உள்ள பெரிய கறுப்புப் பூச்சி ஒன்று அந்தக் காகிதக் கூட்டுக்கு வந்து போகிறது. மூன்று நாளுக்கு முன் என் மாமியாரை (வயது 63, இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார்) விரலில் ஏதோ கொட்டியது. மறுநாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. எதை விட்டுவைக்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: பூச்சியின் உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கூட்டையும் சேர்த்து விவரித்திருக்கிறீர்கள். அது நல்லதாயிற்று, ஏனெனில் பறந்துபோகும் பூச்சியைவிட அசையாமல் இருக்கும் கூடுதான் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லும்.

சுவிட்சுப் பெட்டியின் மேல் இருப்பவை மண்குளவியின் கூடுகள். நூல் போன்ற இடுப்பும் தொங்கும் கால்களும் கொண்ட இக்குளவி, பார்வைக்கு மிரட்டலாக இருந்தாலும் தனியாக வாழ்வது; கூட்டைக் காக்கப் படை திரட்டி வராது. காய்ந்த உருண்டை ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழுக்களோ சிலந்திகளோ அசைவற்றுக் கிடக்கும். அவை பெரும்பாலும் இறந்தவை அல்ல. தன் குஞ்சுக்கு உணவு கெடாமல் இருப்பதற்காகத் தாய்க்குளவி கொட்டி முடக்கி வைத்தவை. கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் நினைத்ததற்குக் காரணம், புழு போன கூட்டிலிருந்து குளவி வெளிவந்ததைக் கண்டதுதான். கையில் பிடித்து நசுக்கினாலொழிய இது கொட்டுவது அரிது, ஆகவே விட்டுவிடலாம்.

தகரத்தின் அடியில் உள்ளது, மேலுறை இல்லாமல் அறைகள் கண்ணுக்குத் தெரியும்படி தாமரைப் பொகுட்டைப் போலத் தொங்குமானால், அது சிறு காகிதக்குளவியின் கூடு. இவை கூட்டமாக வாழ்பவை. கூட்டைத் தொட்டால் கொட்டும். ஒட்டடை அடிக்கும்போதோ கொடியில் துணி எடுக்கும்போதோ கைபட்டு உங்கள் மாமியாருக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம்.

நீங்கள் அஞ்சும் அந்தப் பெரிய பூச்சி பெரும்பாலும் கடந்தை. தஞ்சைப் பக்கம் கதண்டு என்பார்கள். நாளிதழ்களில் ‘விஷ வண்டு கடித்தது’ என்று வரும். அது வண்டும் அல்ல, கடிப்பதும் அல்ல என்பதை நானும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், அகன்ற முகம், இடுப்பை ஒட்டிய ஆரஞ்சுப் பட்டை ஆகியவை இதன் அடையாளங்கள். காகிதக்குளவிக் கூட்டிலுள்ள புழுக்களைத் தூக்கிச் செல்வதற்காகவே அது உங்கள் வராந்தாவுக்கு வருகிறது. அதன் சொந்தக் கூடு வேறெங்கோ, பனை மட்டைகளுக்கு இடையிலோ மரப்பொந்திலோ மண்ணுக்கடியிலோ இருக்கும். வெளியில் தொங்கும் கூடாக இருந்தால் பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய பந்தைப் போலிருக்கும். இரைதேடி வந்த தனிக் கடந்தை வம்புக்கு வராது. கூட்டை அசைத்தால்தான் கூட்டமாகத் துரத்தும். தேனீயைப் போலக் கொடுக்கை இழந்துவிடாமல், ஒரே கடந்தை பல முறை கொட்டும். நசுங்கிய கடந்தையின் நஞ்சிலிருந்து எழும் வாடை மற்றவற்றையும் அழைத்துவிடும் என்பதால், கூட்டருகே அடித்துக்கொண்டு நிற்காமல் தலையை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

பனை மட்டை வெட்ட ஏறிய ஒருவரை, கடந்தை கொட்டிய இரண்டாம் நாள் என்னிடம் அழைத்து வந்தார்கள். தலையிலும் முதுகிலும் முப்பதுக்குக் குறையாத தடிப்புகள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்தவர், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதைக் கண்டுதான் புறப்பட்டிருக்கிறார். கடந்தையின் நஞ்சு அதிகமாக இறங்கினால் தசைகளும் இரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துப் பழுதாக்கும். நஞ்சு நேரடியாகவும் சிறுநீரகத்தைத் தாக்கும். இது ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படலாம். அவருக்குச் சில வாரங்கள் டயாலிசிஸ் தேவைப்பட்டது, பிறகு தேறினார். ஆகவே பத்துக்கு மேல் கொட்டு வாங்கியவர், எவ்வளவு தெம்பாக இருந்தாலும், அரசு ராசாசி மருத்துவமனை போன்ற வசதியுள்ள இடத்தில் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவான கொட்டே போதும்.

இன்னொரு ஆபத்துக்கு எண்ணிக்கை தேவையில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டில், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள், உடலெங்கும் தடிப்பு, குரல் கம்மல், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் வரக்கூடும். அப்போது 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சுத்திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். அவரைக் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் மாத்திரையை நம்பி நேரத்தைக் கடத்தக் கூடாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் இதே அவசரம்தான்.

உங்கள் மாமியாருக்கு வந்தது இவை இரண்டும் அல்ல. கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் பரவும் பெரு வீக்கம் இது. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம், பத்து நாளில் வடியும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுக் கையை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பத்து நிமிடம் ஒத்துங்கள். அரிப்புக்குச் செட்ரிசின் போதும். காய்ச்சலோ சீழோ இல்லாதவரை ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவாதீர்கள், கொட்டிய வலியோடு தோல் வெந்த வலியும் சேரும்.

கடந்தையின் கூடு வீட்டருகே தென்பட்டால், நீங்களே தீப்பந்தம் கொளுத்தாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். இந்த வீக்கம் வந்தவர்களில் சிலருக்கு அடுத்த கொட்டில் உடல் முழுவதும் ஒவ்வாமை வரலாம் என்பதாலும், அட்டெனோலால் சாப்பிடுபவரிடம் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதாலும், மாமியாரின் மாத்திரை அட்டையோடு அவருடைய மருத்துவரைப் பார்த்து, வேறு மாத்திரை பொருந்துமா என்று கேளுங்கள். அதுவரை அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.